இருபத்துநாலு அங்குல அலை

2008 பெப்ரவரி 9, சனி

மகளுக்கு ஊசி போடக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வரும் வழியில் ஒரு நகைக்கடையில் மிஞ்சிக் கிடந்த கலண்டர் ஒன்றைச் சுருட்டித் தந்தார்கள். பஸ்ஸில் விரித்துப் பார்த்தேன். ஜூலை மாதத்தில் என் படம்.

வெள்ளவத்தை ஸ்டேஷன், தண்டவாளத்துக்கு மேலே எழும்பிய அலை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஐந்து பெண்கள். மூலையில் பொன்னிறப் பேனையால் பெரிய கையெழுத்து: ஒஸ்வால்ட்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஏழு மாத வயிற்றோடு நின்று நான் எடுத்தது. அப்போது அவருடைய ஸ்டூடியோவில் எனக்கு வேலை. பிள்ளை பிறந்தபின் வா என்றார். போனபோது என் கதிரையில் வேறு ஒருத்தி.

மகள் கலண்டர் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். சப்பட்டும்.

பெப்ரவரி 11

ஒஸ்வால்டுக்குப் போன் எடுத்தேன். சிரித்தார். "கமரா என்ர, மெமறி காட் என்ர. நீ விரலாலை அமத்தினது மட்டுந்தானே பிள்ளை."

றேமண்ட் விட்டுவிடச் சொல்கிறார். என் புருஷனுக்கு எல்லாவற்றையும் விட்டுவிடலாம். நான் விடமாட்டேன்.

பெப்ரவரி 16

அப்போது நான் பிரதி எடுத்து வைத்த பழைய சீடி அலுமாரியில் இருந்தது. படம் முழுதாக இருக்கிறது!

கலண்டரில் கீழ்ப்பகுதியை அவர் வெட்டியிருக்கிறார். காரணம் தெரிந்தது. காலை வெயில் எனக்குப் பின்னால். பிளாட்பாரத்தில் என் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது, வயிறும் கொண்டையுமாக. வயிறு ஒஸ்வால்டுக்கும் உண்டு. கொண்டை?

ஏப்ரல் 26 கொள்ளுப்பிட்டியில் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து கண்காட்சி வைக்கிறோம். ஆளுக்கு மூன்று படம். விளக்கேற்ற யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்? அவரைத்தான். ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எதிர்ச்சுவரில் என் நிழல் நிற்க வேண்டும். முடிந்தளவு பெரிதாக நிற்க வேண்டும்.

படம் அடிக்கிற லாப்காரர் எல்லாம் அவருடைய கூட்டாளிகள். வெளியே கொடுத்தால் அன்றைக்கே அவர் காதுக்குப் போய்விடும். வீட்டிலேயே அடிக்க வேண்டும்.

பெப்ரவரி 23

தெமட்டகொடையில் மர்ஸூக் நானாவின் கடை. அச்சகங்களுக்கு மெசின் விற்பவர். இரண்டு பிரிண்டர் காட்டினார். ஒன்று பதினேழு அங்குல அகலத் தாளுக்கு, புதிது. மற்றது இருபத்துநாலு அங்குலம், ஒரு விளம்பரக் கம்பனி பாவித்துக் கழித்தது. எட்டு மை, சாயம் அல்ல, பிக்மென்ட்.

மழைக்கு வெளியே வைக்கலாமா என்று றேமண்ட் கேட்டார். மர்ஸூக் நானா இல்லையென்று தலையாட்டினார். "இதில பேனர் அடிக்க ஏலா தம்பி. தாள் பிஞ்சிரும். ஆனா வீட்டுக்குள்ள மாட்டினா ஒங்கட பேரப்புள்ளயும் இதே நிறத்தில பாக்கும்."

நிறம் போகாதது. அது போதும் எனக்கு. றேமண்ட் பதினேழு என்றார். அவமானம் பதினேழு அங்குலத்தில் அடங்காது என்றேன். மோட்டார் சைக்கிளுக்குச் சேர்த்த காசில் பெரியதை வாங்கினோம், சைக்கிள் இனி அடுத்த வருஷம்தான்.

மார்ச் 4

நாலு பேர் தூக்கி மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தார்கள். சந்தியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறக்க வைத்து, இதில் என்ன அடிப்பீர்கள் என்று சிங்களத்தில் கேட்டானாம். கல்யாணப் படம் என்று றேமண்ட் சொன்னாராம்.

முதல் தாளில் முழுக்கக் கோடு. கடல்காற்று மைவாயை அடைத்துவிட்டது. மூன்று தரம் கிளீன் பண்ணினேன். ஒவ்வொரு தரமும் மை ரத்தம் மாதிரிப் போகிறது. மகள் தாளைப் பிடித்து இழுக்கிறாள், அவளுக்கும் மெசினுக்கும் இடையில் மேசையைப் போட்டேன்.

மார்ச் 13

அலை சரிவருகுதில்லை. டியூப்லைட்டில் நல்ல சாம்பல், காலையில் ஜன்னலடியில் பார்த்தால் ரோஸ் அடிக்குது. தாளுக்கு உரிய நிறப் புரோபைலைக் கணினியில் போடாமல் நாலு நாள் மாரடிச்சிருக்கிறன், மடைச்சி.

மார்ச் 19

மினுங்கும் தாளில் நிழல் கண்ணாடியாகிவிடுகிறது, பார்ப்பவரின் முகம் அதில் தெரியும். ஒஸ்வால்ட் தன் முகத்தைப் பார்க்கக்கூடாது, என்னைப் பார்க்க வேண்டும். பருத்தித் தாளுக்கு மாறினேன். கறுப்பு மையையும் மாற்றி மினுங்காத மற் கறுப்புப் போட்டேன்.

மதியம் மகள் தூங்க, அடித்தேன். முதலில் வானம். பிறகு அலை, விரல்கடை விரல்கடையாக. ஐந்து பெண்கள். வலது ஓரத்தில் மண்மூட்டைக் காவலரண், அதில் சிரிக்கிற சிப்பாய். கலண்டரில் அரிசியளவு இருந்தவன், இதில் பல்லை எண்ணலாம். கடைசியாக நான் வந்தேன். அவ்வளவு கறுப்பாக.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் சுருட்ட வேண்டும். கட்டிலில் விரித்துவிட்டு நாங்கள் மூவரும் நிலத்தில் படுத்தோம்.

ஏப்ரல் 16

ஒஸ்வால்டைப் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். கலண்டரில் காவலரண் தெரிகிறதென்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; சண்டை நேரத்தில் அதைப் படமெடுப்பது குற்றம். கையெழுத்தை வைத்து நேரே ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார்கள்.

சந்தோஷப்பட்டேன். எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

ஏப்ரல் 18

மெற்றில்டா அன்ரி வந்தா. ஒஸ்வால்டின் மனைவி. தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நீ எடுத்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு பிள்ளை. நீ கைக்குழந்தைக்காரி, உன்னை ஒண்டும் செய்யமாட்டினம்."

படம் என்னுடையது என்று அந்த வீட்டில் இருந்து ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை. அதுவும் இதற்கு. கமரா ஆரின்ரை, மெமறி காட் ஆரின்ரை எண்டு நான் கேட்டன். அழுதா. எனக்கு ஈரம் வரவில்லை. பயந்தான் வந்தது. என்னைக் கொண்டுபோனால் மகளுக்கு ஆர்?

ஏப்ரல் 20, ஞாயிறு

பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள், சிவில் உடுப்பில். ஒஸ்வால்ட் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது என் பெயர்.

மெசினைத் திறந்து பார்த்தார்கள். குப்பைத் தாள்களை விரித்தார்கள். பூக்களும் மகளின் பாதமும் அடித்துச் சோதித்த தாள்கள்; பழுதான அலைகள் எப்போதோ குப்பை வண்டியில் போயிருந்தன. அலை கட்டிலுக்கடியில் குழாய்க்குள் இருந்தது. மகள் கட்டிலில் தூங்கினாள். வந்தவர்களில் மூத்தவர் எட்டிப் பார்த்து, பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்றார்.

கலண்டரைக் காட்டி, இது யார் எடுத்தது என்று கேட்டார்.

பயத்தில் சொன்னேனா, பழிக்குச் சொன்னேனா? இரண்டுக்கும் ஒரே பதில்தானே இருந்தது.

"ஒஸ்வால்ட் சேர் எடுத்தது. கையெழுத்து இருக்குதானே."

எழுதிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 21

குழாயைத் திறந்தேன். கத்தரிக்கோல் பருத்தித் தாளில் இலேசாகப் போகாது. துண்டு துண்டாக வாளியில் ஊறப்போட்டேன். பேரப்பிள்ளை காலம்வரை இருக்கும் மை, தண்ணீரிலும் கரையவில்லை. கையால் பிசைந்தேன். சீடியையும் உடைத்தேன்.

றேமண்ட் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 26

வேறு படங்கள் வைத்தேன். விளக்கை ஒரு பாடசாலை அதிபர் அம்மா ஏற்றினா. படங்களுக்குக் கீழே ஜெனோவா என்று என் பெயர். நல்ல அச்சு என்றார்கள்.

மே 3

ஒஸ்வால்டை விட்டுவிட்டார்களாம். பதினெட்டு நாள்.

ஜூன் 14

மெற்றில்டா அன்ரி தோள் பாக் ஒன்றோடு வந்தா. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றா. சேர் இப்போது கமராவைத் தொடுவதில்லையாம், ஸ்டூடியோவை விற்கப் போகிறாராம். பாக்குக்குள் ஹாட் டிஸ்க். மூன்று வருஷம் நான் எடுத்த எல்லாமும்.

"உன்ர படங்கள் பிள்ளை. உன்ர பேரையும் எழுதித் தந்திருக்கிறார்."

மேலே ஒட்டிய கடதாசியில் அவருடைய கையெழுத்தில் என் பெயர், நீல மையில். வாசித்தேன். படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது.

பாக்கை அவவின் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"அதெல்லாம் சேர் எடுத்ததுதானே அன்ரி."