மேட்டுப்பக்கக் கிணறு

கோயமுத்தூர்
12-6-94

அன்புள்ள புவனாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் நலம். நீ, உன் வீட்டுக்காரர், குட்டி ரித்திகா எல்லோரும் நலம்தானே. கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட வாழ்த்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தக் கோபத்தை இப்போதைக்கு ஒத்தி வைத்திருக்கிறேன். உன்னிடம் காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே எம்.பில். படிக்கிறேன் அல்லவா, டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் மேல்நிலை வகுப்புக்குப் புவியியல் ஆசிரியை ஆவேன். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை ஆறாம் வகுப்புக்கு உலக உருண்டையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் கைடு நான் கொண்டுபோன தலைப்பையெல்லாம் அடித்துத் தள்ளிவிட்டு, கடைசியாக ஒன்றுக்குத் தலையாட்டியிருக்கிறார். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் ஒருமுறை, விட்ட பிறகு ஒருமுறை சுற்றுவட்டாரக் கிணறுகளை அளக்க வேண்டும். பள்ளப்பக்கத்துக் கிணறுகள் ஊறும், மேட்டுப்பக்கத்தில் ஊறாது என்பது என் கணிப்பு.

உன் கல்யாணத்துக்கு வந்தபோது பார்த்திருக்கிறேன், உங்கள் ஊருக்கு நடுவில்தான் வாய்க்கால் ஓடுகிறது. ஜூலையில் நான்கு நாள் உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா? கயிறு நானே கொண்டுவருகிறேன். மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளை மட்டும் நீ பார்த்துக்கொள்.

உன் அன்புத் தோழி,
விமலாராணி


முருகன் துணை

ஓடைக்காட்டுப்புதூர்
சென்னிமலை வழி
20-6-94

அன்புள்ள விமலா,

இரண்டு எருமையையும் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு நீ ஒரு கடிதம் எழுதிப் பார். அப்புறம் என்னைத் திட்டு.

தாராளமாக வா. அத்தையிடம் கேட்டேன். "உன்ற சிநேகிதப்புள்ளைதான, வரச்சொல்லு கண்ணு" என்றார். எதற்கு வருகிறாய் என்று சொன்னதும்தான் முகம் சுருங்கியது. "கெணத்த அளக்கறதா? அதெதுக்கு?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் கிணற்றை எட்டிப் பார்ப்பது பெண் கொடுக்கிறவர்கள் செய்கிற வேலை. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால் முதலில் தோட்டத்துக்குப் போய், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பார்கள். பையனை அதற்குப் பிறகு பார்த்தால் போதும். எங்கள் தோட்டமோ வாய்க்காலுக்கு மேட்டுப்பக்கம். என் கொழுந்தன் தனபாலுக்கு இரண்டு வருடமாகப் பெண் தேடியும் அமையவில்லை. அத்தைக்குச் சோறு இறங்குவதில்லை. ஆகவே நீ அளப்பதைத் தண்டோரா போடாமல் அளந்துகொண்டு போ.

பட்டம் வாங்கியதோடு படிப்பை விட்டவள் நான். உன் கயிற்றைப் பிடிக்கவாவது கொடுத்து வைத்திருக்கிறதே.

அன்புடன்,
புவனா


கோயமுத்தூர்
24-7-94

அன்புள்ள புவனா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அத்தை கொடுத்த எள்ளுருண்டையை அம்மா ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்.

உங்கள் ஊர் உபசாரத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. கிணற்றுக்குக் கிணறு மோர், இளநீர், "ஏனுங்க டீச்சர், உக்காருங்க, வெயிலு தாழட்டும்." ஒரு நாளைக்குப் பத்துக் கிணறு என்று திட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். நாலு அளப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் பாதிப் பேர் நான் மின்சார வாரியத்து ஆள் என்றும், மோட்டார் இணைப்பைப் பிடுங்க வந்திருக்கிறேன் என்றும் நம்புகிறார்கள். போதாததற்கு நான் வாங்கிய தேங்காய்நார்க் கயிறு நனைய நனைய நீண்டுகொண்டே போனது. நைலான் கயிற்றுக்கு மாறி முதலிலிருந்து அளந்தோமே, அன்றைக்கு நீ ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான்தான் கத்தினேன்.

மேட்டுப்பக்கத்தில் ஐந்து கிணறுதான் கிடைத்தது. அதில் உங்கள் கிணறு எனக்கு மிக முக்கியம். ஐம்பத்திரண்டு அடியில் தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதும் அது அப்படியே இருந்தால் என் கணிப்பு நின்றுவிடும்.

செப்டம்பரில் எனக்குக் காலாண்டுத் தேர்வு, லீவு கிடையாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இரண்டாவது சுற்றை நீதான் அளந்து அனுப்ப வேண்டும். இரண்டாம் வாரத்துக்குள் முடித்துவிடு. எல்லாக் கிணறும் ஒரே வாரத்தில் அளந்ததாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
விமலா


முருகன் துணை

ஓடைக்காட்டுப்புதூர்
18-9-94

அன்புள்ள விமலா,

நீ கேட்டபடியே எல்லாவற்றையும் இரண்டாம் வாரத்தில் அளந்துவிட்டேன். ரித்திகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணறு கிணறாக அலைந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. இவருக்கும் கோபம்தான். "பொம்பளைக்கு இது ஒரு வேலையா" என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கயிறு தண்ணீரைத் தொடுகிற இடத்தைக் கையால் உணர்ந்து பிடிக்கும்போது எனக்குக் கல்லூரி நாள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு நல்ல சேதி. பெருந்துறைப் பக்கமிருந்து தனபாலுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. ஆவணியிலேயே வந்து தோட்டம், வீடு எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். திருப்திதான் போலிருக்கிறது. புரட்டாசி போகட்டும் என்று காத்திருக்கிறோம்.

விமலா, எங்கள் கிணற்றை மட்டும் உன் கணக்கிலிருந்து விட்டுவிடேன். ஒரு கிணறு குறைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது. தனபால் சென்னிமலைக்குக் கிளம்பிவிட்டான், அவனிடம்தான் இதைப் பெட்டியில் போடக் கொடுக்கிறேன். மற்றது நேரில்.

அன்புடன்,
புவனா


கோயமுத்தூர்
19-10-94

புவனா,

கோபத்தில் எழுதுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

என் கைடு அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளியைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். உங்கள் கிணறு. மேட்டுப்பக்கத்தில் மற்ற நான்கும் அசையவில்லை, உன் வீட்டுக் கிணறு மட்டும் இருபத்திரண்டு அடி ஏறியிருக்கிறது. "உங்கள் கணிப்பு தப்பு, அல்லது அளந்தவர் தப்பு" என்று எழுதியிருக்கிறார். விட்டுவிடு என்கிறாயே, விட முடியாது. ஜூலை அளவு அவரிடம் போய்விட்டது. பிடிக்காத புள்ளியை நீக்கிவிட்டேன் என்றால் மொத்த ஆய்வையும் குப்பையில் போடுவார்.

யோசித்துப் பார்த்தேன். கையில் குழந்தை, மனதில் கல்யாண வேலை, அவசரத்தில் அசட்டையாக அளந்திருக்கிறாய். உன்னிடம் ஒப்படைத்தது என் தவறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை, 23ஆம் தேதி, கோயிலுக்குப் போகாமல் நானே வருகிறேன். மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் கெட்டுவிடும். ஒரே ஒரு அளவு, அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவேன்.

விமலா


கோயமுத்தூர்
26-10-94

அன்புள்ள புவனா,

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

நான் வந்தபோது வாசலில் இரண்டு கார். பந்தல் போட்டு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ சமையல்கட்டில் இருக்கிறாய் என்றார்கள். விருந்து நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நேராகக் கிணற்றுக்குப் போனேன். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பின்னாலேயே வந்தார். ஈஸ்வரமூர்த்தி என்று பேர் சொன்னார். "ஏனுங்க அம்மணி, என்னங்க அளக்கறீங்க?" என்று கேட்டார். உங்கள் ஊரில் முதல்முறையாக ஒருவர் அக்கறையாகக் கேட்கிறாரே என்று ஆய்வு முழுவதையும் விளக்கினேன். கயிற்றின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். ஐம்பத்தொரு அடி. "பாருங்க ஐயா, ஜூலையில இருந்த அதே மட்டம். இந்தப் பக்கம் எந்தக் காலத்திலயும் ஊறாது" என்று நான் சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன். அவர் கயிற்றை ஒழுங்காகச் சுற்றி என் கையில் கொடுத்தார். "நல்ல வேலை செய்யறீங்க அம்மணி" என்றார்.

அப்புறம் பந்தலுக்குப் போய், தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். "வாரோமுங்க" என்று ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, போட்ட இலை போட்டபடி கிடக்கக் காரில் ஏறிவிட்டார்கள். உன் மாமியார் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. நீ வெளியே வரவேயில்லை.

நான் செய்தது என்ன தப்பு? தண்ணீரை நானா குடித்துவிட்டேன்? ஒன்று மட்டும் தெரிந்துவிட்டது, உன் செப்டம்பர் அளவு தப்பு. கைடு ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு வரியாவது எழுது.

உன்,
விமலா


ஓடைக்காட்டுப்புதூர்
14-11-94

விமலாராணிக்கு,

நீ வருவதாக எழுதிய கடிதம், நீ வந்துபோன மறுநாள் திங்கட்கிழமை வந்தது. தீபாவளி வாழ்த்துக் கட்டுக்குள் கிடந்ததாகத் தபால்காரர் சொன்னார்.

உன்னோடு கயிறு பிடித்தவர் பெண்ணுக்கு அப்பா. அன்றைக்கு அவர்கள் வந்தது கை நனைக்க. எங்கள் வீட்டில் அவர்கள் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இன்னும் கால் மணி நேரம் நீ தாமதமாக வந்திருந்தால் போதும்.

ஆவணியில் அவர்கள் பார்க்க வருவதற்கு முன்னால், பள்ளப்பக்கத்துப் பங்காளி ஆறுச்சாமி மாமாவின் கிணற்றிலிருந்து மூன்று நாள் பைப் போட்டு எங்கள் கிணற்றை நிரப்பினார்கள். நீ அளக்கச் சொன்ன வாரமும் அதுதான். பெண் வீட்டார் பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நாளில் அந்தத் தண்ணீர் வடிந்துவிட்டது. அதைத் தனபால் கையில் கொடுக்கிற கடிதத்தில் நான் எப்படி எழுதுவேன்? விட்டுவிடு என்று கேட்டேன். ஏன் என்று நீ ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. அசட்டை என்று எழுதினாய்.

அத்தை என் கையால் சாப்பிடுவதில்லை. "படிச்ச சிநேகிதியக் கூட்டியாந்து என்ற பையன் தலையில மண்ணப் போட்டுட்டியே கண்ணு" என்று சொன்னதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. இவர், இனி உனக்குக் கடிதம் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். தனபால் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவன்மேல் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. அந்தப் பெருந்துறைப் பெண் தப்பித்தாள் என்றும் இருக்கிறது. இரண்டையும் வெளியே சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை.

நீயும் இங்கே எழுதாதே. வருகிற கடிதத்தை இவர்தான் பிரிக்கிறார். உனக்கு அந்த வேலை கிடைக்கட்டும், மனதாரத்தான் சொல்கிறேன்.

ஆனால் என் அளவைத் தப்பு என்று எழுதாதே. இரண்டு தடவை கயிறு விட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இருந்தது. என்னைக் கொடுப்பதற்கு முன்னால் எங்கள் அப்பா வந்து எட்டிப் பார்த்தாரே, அன்றைக்கும் அவ்வளவு இருந்தது.

புவனா