துப்பாக்கி லைசென்சுக்கு வந்த விசாரணை

இன்று கடைக்கு வந்த தபாலில் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவம் இருந்தது. முதலாளி பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒன் பங்க நீயே நெரப்பிக் குடு" என்று என்னிடம் நீட்டினார். மனுதாரரை நன்கு அறிந்த இருவர் என்று அதில் ஒரு கட்டம். முதல் வரியில் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் பெயரை எழுதினேன். இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. முதல் மனுவில் அந்த இடத்தில் உன் பெயர் இருந்தது. நீ பாரிசுக்குப் பக்கத்தில் வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஒரு ஊரில் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதற்குப் பதில் வராது என்பது எனக்கு ஒரு வசதி. வந்தால் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நான் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பேன்.

இந்த நகைக்கடைக்கு இரண்டு காவலாட்கள் வேண்டும் என்ற செய்தியைக் குரும்பகரத்துக்குக் கொண்டுவந்தவன் நீ. நாம் இருவரும் ஊர்க்காவல் படையில் கவாத்துப் பழகியவர்கள், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிக்க மாட்டோம் என்பதுதான் நமக்கு இருந்த தகுதி. "வாசல்ல நீ நில்லு, பின்கட்டுல நான் நிக்கிறேன். ஒனக்குத்தான் வர்றவன் போறவன் எல்லாம் திருடனாத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாய். அப்போதே எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இவ்வளவு நல்ல வேலையை இவன் ஏன் என்னோடு பங்கு போட்டுக்கொள்கிறான்?

வேலை சும்மா கிடைக்கவில்லை. துப்பாக்கி முதலாளியுடையது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் பெயரும் லைசென்சில் ஏற வேண்டும். அதற்கு மனு, மூன்று போட்டோ, கண்ணும் காதும் சரியாக இருப்பதாக டாக்டர் சீட்டு. எல்லாவற்றுக்கும் மேலே போலீஸ் விசாரணை. உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர் நம்மைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டும். வாத்தியாரைத் தவிர நம்மைத் தெரிந்தவர்கள் எல்லாரும் நமக்கு மாமன் மச்சான்தான். கடைசியில் நீதான் வழி சொன்னாய்.

"என் மனுவுல ஒன் பேரு, ஒன் மனுவுல என் பேரு. நீ என்னப் பத்திச் சொல்லு, நான் ஒன்னப் பத்திச் சொல்றேன். முடிஞ்சிதுடா."

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாஞ்சூர் சமாச்சாரம் உன் ஒருவனுக்குத்தான் தெரியும். நாகப்பட்டினத்தில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது, மச்சான் கேட்டாரே என்று இரண்டு பாட்டிலை வேட்டியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் பக்கம் கடையில் வாங்கினால் சரக்கு, எல்லையைத் தாண்டினால் குற்றம். நாகப்பட்டினம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம் அது. வாஞ்சூர் எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, மர நிழலில் உட்காரவைத்துவிட்டார்கள். சாயங்காலம் சைக்கிளில் வந்து, அங்கிருந்த ஏட்டையாவிடம் கெஞ்சி, கேஸ் இல்லாமல் என்னை மீட்டுக்கொண்டு போனவன் நீ. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாய். அந்த ஒரு சமாச்சாரம் போலீஸ் காதுக்குப் போனால் என் மனு குப்பைக்குப் போகும். அந்த வருஷம் கதிர் பிடிக்கும் நேரத்தில் வெள்ளம் வந்து வயல் போய்விட்டது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

கான்ஸ்டபிள் ஒரு காலையில் சைக்கிளில் வந்தார். கோவில்பத்து ஆள், நல்ல பருமன். முதலில் உன் வீட்டுக்குத்தான் போனார். நான் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குள் நின்றுகொண்டு கீற்று இடுக்கு வழியே பார்த்தேன். மறைந்து நின்று பார்ப்பது கேவலம் என்று எனக்கும் தெரியும். பேச்சு காதில் விழவில்லை. நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். அவர் எழுதினார். நீ என் வீட்டைச் சுட்டிக் காட்டினாய். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தீர்கள். அவர் மறுபடியும் எழுதினார். நல்லவன் என்று சொல்ல இவ்வளவு நேரமா? நல்லவனைப் பற்றிப் பேசினால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? சொல்லிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தார். மோர் குடித்தார். உன்னைப் பற்றி இரண்டே கேள்விதான் கேட்டார்.

"ஆளு எப்படி?"

"நல்ல ஆளுதாங்க."

"வம்பு தும்பு, கேஸு கீஸு?"

"ஒண்ணும் இல்லீங்க."

நோட்டை மூடிவிட்டார். சைக்கிள் ஸ்டாண்டைக்கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அவங்க அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த பழைய சொல்தாங்க. பிரெஞ்சு பென்ஷன் வாங்குறாரு. அப்பாவோட சேத்து இவன் பேரும் பிரெஞ்சு நேஷனாலிட்டி காகிதத்துல இருக்கு. இவன் எந்த நாட்டு ஆளுன்னு எனக்குச் சரியாத் தெரியலீங்க."

சரியாகத் தெரியும். நீயே சொன்னதுதான். சிறு பையனாக இருந்தபோது உன் அப்பா கையெழுத்துப் போட்ட காகிதம் அது. "அது பெட்டியிலேயே கெடந்து மக்கட்டும், நான் எங்கயும் போறதா இல்ல" என்பாய். ரேஷன் கார்டு வைத்திருந்தாய், எல்லாரையும் போல ஓட்டும் போட்டாய். மனுவில் இந்தியப் பிரஜை என்றுதான் எழுதியிருந்தாய். கான்ஸ்டபிள் சைக்கிளை மறுபடி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தார்.

லைசென்சில் என் பெயர் மட்டும் ஏறியது. உன் மனு திரும்பி வந்தது. அதோடு விட்டார்களா? ஆபீஸ் ஆபீஸாக அலையவைத்தார்கள். ஒன்று இந்த நாட்டுக் காகிதம், இல்லை அந்த நாட்டுக் காகிதம் என்றார்கள். ஊர்க்காவல் படையிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம் போராடிப் பார்த்துவிட்டு நீ பாரிசுக்குக் கிளம்பினாய். வழியனுப்ப நானும் பஸ் நிலையத்துக்கு வந்தேன். என் தோளைத் தட்டி, "வாசல பத்திரமாப் பாத்துக்க" என்றாய். அந்த வார்த்தையை ஒரு மாதம் குடைந்து பார்த்தேன்.

அங்கேயும் உனக்குக் காவல் வேலைதான் வாய்த்தது. பெரிய கடை ஒன்றின் வாசலில் நிற்பதாக எழுதியிருந்தாய். "இங்கே துப்பாக்கி கிடையாது, கோட்டும் டையும்தான். என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரும் வந்து விசாரிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் என்னைத் தெரியாது." கடிதத்தில் ஒரு வசவுகூட இல்லை. பாரிஸ் போனதும் பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கான்ஸ்டபிள் பிற்பாடு ஏட்டாகி, பெண் கல்யாணத்துக்கு நகை எடுக்க எங்கள் கடைக்கே வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீதான அந்தக் குரும்பகரத்து ஆளு? மாட்டுக்கொட்டாய்க்கு ரெண்டு பூட்டு, வைக்கப்போருக்கு முள்ளுவேலி. அந்தா பாருங்க சார் அவன் வூட்டன்னு ஒன் கூட்டாளி காட்டினான். பெத்த தாயையும் சோதனை போட்டுத்தான் உள்ள வுடுவான், காவலுக்கு இவன வுட்டா ஆளு கெடையாதுன்னான். நானும் 'மிகவும் எச்சரிக்கையானவர்'னு எழுதிட்டேன்."

இத்தனை வருஷம் கழித்து இவர் எதற்காக இதைச் சொல்கிறார் என்றுதான் முதலில் யோசித்தேன் என்றால் நீ நம்புவாய். பிறகு துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். காவலுக்கு நிற்கிறவன் அப்படிச் செய்யக் கூடாது. உன் விலாசம் என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் நீ உயிரோடு இருந்தாய். ஒரு வரி எழுதவில்லை. இவனுக்கு முன்னமே தெரிந்திருந்தால் என்ன செய்வது, தெரியாமல் இருந்தால் ஏன் நாமே சொல்வது என்று இரண்டு பக்கமும் யோசித்து யோசித்தே நாளைக் கடத்தினேன். நீ போய்விட்டாய்.

போன வாரம் உன் மனைவி வந்திருக்கிறது. தலத்தெருவில் அதன் பிறந்த வீட்டோடு இருந்துவிடலாம் என்று எண்ணம். ஆனால் பாஸ்போர்ட் பிரெஞ்சு பாஸ்போர்ட். தங்குவதற்கு இங்கே அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் போலீஸ் விசாரணை உண்டு. அதைச் சொல்லத்தான் கடைக்கு வந்தது.

"ஒங்க பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேண்ணே. அவரு ஆஸ்பத்திரியில கெடக்குறப்பவே சொன்னாரு. ஊருக்குப் போனா விசாரணைக்கு வருவாங்க, அவன் பேரக் குடு, அவனுக்கு என்ன சொல்லணும்னு தெரியும்னாரு."

உன் மனைவி முகத்தைப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நீ. எப்போது தெரிந்துகொண்டாய்? மனு திரும்பிவந்த அன்றா, பஸ் நிலையத்தில் தோளைத் தட்டியபோதா? தெரிந்தேதான் என் பெயரைக் கொடுக்கச் சொன்னாயா? என்னை மன்னித்துச் சொன்னாயா, என்னை நிறுத்திக் கேள்வி கேட்கச் சொன்னாயா? இந்தச் சந்தேகம் என்னோடு வரும். மற்றதையெல்லாம் துருவித் துருவிப் பார்த்தவன் இதைத் துருவப் போவதில்லை. எந்தப் பதில் கிடைத்தாலும் எனக்கு அது தகும்.

நாளைக் காலை விசாரணைக்கு வருகிறார்கள். தலத்தெருவில் பிறந்தவர், நல்லவர், இந்த ஊர்க்காரர் என்று சொல்வேன். விசாரிக்க வந்தவர் நோட்டை மூடிய பிறகு நான் வாயைத் திறக்க மாட்டேன்.