பிரெஞ்சு செபமாலை

இன்று சாயங்காலம் பொம்மிடி ஸ்டேஷனில் சேலம் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். உங்கள் மாதா கோவில் ஒலிபெருக்கியில் செபமாலை தொடங்கியது. ஒரு பெண்குரல் செபத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்த, கூட்டம் மீதியைச் சொல்லி முடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவள் என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "க ஜ்யூஸ் ஷான்தே." பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். நீ கூட இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்து வண்டியையே விட்டிருப்பாய்.

மார்க் அள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பித்தானே காலேஜில் இரண்டு பேரும் தமிழை விட்டு பிரெஞ்சு எடுத்தோம்? பரீட்சைக்கு வராத எதையும் நான் தொடமாட்டேன். நீ அப்படியில்லை. வினைச்சொற்களை எல்லாம் நடத்தி முடித்த மேடம், புத்தகத்தின் கடைசியில் இருந்த ஒரு பட்டியலைக் காட்டி, "இது பரீட்சைக்கு வராது. பிரான்ஸிலயே இப்ப யாரும் இப்படிப் பேசறதில்ல, விட்டுடுங்க" என்றார். நான் சந்தோஷமாக விட்டேன். உனக்கு மனசு கேட்கவில்லை. "யாருமே சொல்லலைன்னா அது பாவம் இல்லியாடி?" என்றாய். ஒரு வினைச்சொல்லுக்காகப் பரிதாபப்பட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று காலேஜிலிருந்து திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குப் பாடமே எடுத்தாய். பாடுவது என்கிற சொல்லை எடுத்துக்கொள். நடந்து முடிந்த வேறொன்றுக்கும் முன்னால் ஒருவர் பாடியிருக்கலாம், பாடாமலும் இருந்திருக்கலாம். அந்த நிச்சயமில்லாத பழைய பாட்டுக்குத்தான் இந்த உருவம். 'ஷான்தே' ஆடாமல் அசையாமல் கடைசியில் நிற்கும். அதற்கு முன்னால் வரும் துணைச்சொல்தான் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். "நாம 'பாடியிருந்திருந்தா'ன்னு எல்லாத்துக்கும் ஒண்ணையே சொல்லிட்டுப் போயிடறோம். இவங்க பாரு, நான், நீ, அவன், நாம, நீங்க, அவங்கன்னு ஆறு பேருக்கும் தனித்தனியா அளவெடுத்துத் தெச்சிருக்காங்க. நடக்காத காரியத்துக்கு இவ்ளோ மெனக்கெட்டிருக்காங்கடி!" உன் முகத்தில் அப்போது இருந்த வியப்பு எனக்குப் புரியவில்லை. கடலை வாங்கலாமா என்றுதான் கேட்டேன்.

மனப்பாடம் செய்ய நீ கண்டுபிடித்த வழிதான் செபமாலை. உங்கள் வீட்டில் நீ கடைக்குட்டி. பெரியவர்கள் தொடங்க, பதில் சொல்லியே வளர்ந்தவள். அதனால் என்னைத் தொடங்கச் சொன்னாய். 'க ஜ்யூஸ் ஷான்தே' என்கிற 'நான்' வரி எனக்கு, 'நீ' வரி உனக்கு. அவன் எனக்கு, நாம் உனக்கு. நான் ஆர்வக்கோளாறில் உன் வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாய். "உன் வரி முடிஞ்சா வாய மூடு. மிச்சம் என்னுது."

ஒருநாள் உங்கள் வீட்டு உள்ளறையில் இதை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வாசற்படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். சின்ன வயதில் லத்தீன் பூசை கேட்டவர். மறுநாள் தெரு முழுக்க, "அந்த இந்துப் புள்ள எங்க வூட்டுல வந்து லத்தீன் செபம் சொல்லுதுங்க!" என்று பரப்பிவிட்டார். எனக்குத் தனி மரியாதை, தனி மீன்துண்டு. நீ உண்மையைச் சொல்லவில்லை. நானா சொல்வேன்?

அப்படிப் பேசிய உனக்குப் பல வருஷங்கள் கழித்து ஒருநாள் பக்கவாதம் வந்து, கையோடு வாயையும் கட்டிப்போட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து வாரங்கள் ஆகியும் ஒரு சொல் வரவில்லை. உன் மகள் ஜெனிஃபர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அம்மா என் பேர ஒரே ஒருவாட்டி சொன்னாப் போதும்" என்று அழுதாள். நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

கட்டிலைச் சுற்றி உன் சொந்தங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழுகையும் அவசரமுமாக முதல் பாதியையும் அவர்களே சொன்னார்கள், மறுபாதியையும் அவர்களே சொன்னார்கள். உன் உதடு ஒவ்வொரு முறையும் அசைவதும், அதற்குள் அவர்கள் முடித்துவிடுவதுமாக இருந்தது. எனக்கு உங்கள் செபம் முழுசாகத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அவர்கள் ஓய்ந்ததும் உன் காதருகே குனிந்து, "க ஜ்யூஸ் ஷான்தே" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உன் தொண்டை ஏறி இறங்கியது.

"க... த்யூ யூஸ்... ஷான்தே."

உடனே நான் 'அவன்' வரியைச் சொன்னேன். 'நாம்' வரி உன்னிடமிருந்து வந்தது, அந்தக் கஷ்டமான 'ஸ்யூசியோன்' உட்பட. அந்த நாட்டிலேயே யாரும் பேசாத சொல், பொம்மிடியில், பேச முடியாத ஒருத்தியின் வாயில் பிசகாமல் இருந்தது. உன் அம்மா எழுந்து, "அந்த லத்தீன் செபம்!" என்று சிலுவை போட்டு ஆமென் சொன்னார். அன்றைக்கும் நாம் அவரைத் திருத்தவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். "மனப்பாடமா இருக்கறது சில பேருக்கு முதல்ல வந்துருமுங்க. அப்படியே பாதி சொல்லி விடுங்க, மீதிய அவங்க சொல்லட்டும்" என்றாள். அதன்பிறகு வீட்டில் செபமாலையை உனக்காகப் பாதியில் நிறுத்தினார்கள். சோறு கேட்க, தண்ணீர் கேட்க, எல்லாமே பாதிப் பாதியாகத்தான் வந்தது. ஒரு காலையில் ஜெனி உன் முன்னால் மண்டியிட்டு, "அம்மா, எம் பேரு ஜெனி..." என்று நிறுத்தினாள். நீ அவளையே பார்த்தாய். "...ஃபர்" என்றாய். அவள் உன் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். அதற்காகவாவது நானும் உங்கள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று தோன்றியது, ஏற்றினேன்.

பிறகு இரண்டாவது முறை வந்த பக்கவாதத்தில் நீ போய்விட்டாய். அடக்கத்தன்று எல்லோரும் செபித்தபோது நான் என் வரியை மனதுக்குள் சொன்னேன். அந்தச் சொல்லை இத்தனை அக்கறையாக யாரோ ஏன் செய்து வைத்தார்கள் என்று வியந்த உன் முகம், 'நீ இருந்திருந்தால்' என்று மட்டுமே சொல்ல முடிந்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வண்டி வருவதாக அறிவித்தார்கள். அந்த அம்மாள் இன்னும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு முறை, இந்தத் தடவை தெரிந்தே, என் வரியைச் சொன்னேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். உன் வரியும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். அது உன்னுடையது.