இரண்டு பேர் போட்ட ரி.எஸ்.பி

டிச. 9, சனி
காலையிலிருந்து தூறல். தம்பலகாமம் வயலுக்குப் போனேன். பயிர் எழும்பவேயில்லை. கீழ் இலையெல்லாம் துருப் பிடித்ததுபோலச் செம்புள்ளி. இன்னொரு தரம் ரி.எஸ்.பி உரம் போடலாமோ? பசளை போதாதாக்கும். இரண்டு வீட்டுச் சோறும் இந்த ஒரு வயல்தான். மாமனார் என் மனைவி விஜிக்கும் அவள் அக்காவுக்கும் பிரிக்காமல் கொடுத்த சீதனம். செய்வது நானும் சகலனும்.

எதிர் வரம்பில் சகலன். கதைக்கவில்லை. போன போகம் அவருடைய காவலில் யானை இறங்கியது, நான் ஊர் கேட்கக் கத்தினேன். அன்றோடு பேச்சில்லை.

வாங்க: சைக்கிள் ரியூப், பனடோல், மண்ணெண்ணெய்.

டிச. 11, திங்கள்
விவசாயப் போதனாசிரியை வந்தார். சின்ன வயது, கறார் வாய்.

"எவ்வளவு ரி.எஸ்.பி போட்டனீங்கள்?"

சொன்னேன். நம்பவில்லை, அந்த அளவுக்கு இப்படிச் செம்புள்ளி வராதாம். விஜி தன் அக்காவுக்குப் போன் எடுத்தாள். விதைப்புக்கு முதல் சகலனும் போட்டாராம், நான் போட்டது தெரியாமல். அட கடவுளே!

"மண்ணில சிங்க் சத்து இருக்கு. ரி.எஸ்.பி கூடினா பயிரால அதை எடுக்க ஏலாது. இனி ஒரு பிடியும் போடாதேங்கோ. தண்ணியை வடிய விடுங்கோ. சிங்க் சல்பேற் கரைச்சு இலைக்கு அடியுங்கோ, கெதியா."

நான் இன்னும் போடப் பார்த்தேனே!

தண்ணீர் வடிய விட்டாயிற்று. சிங்க் வாங்கினேன். மருந்தடிக்கிற மெசின் சகலனிடம். போய்க் கேட்கவா? மாட்டேன். பக்கற்றை வயல் வாடிக் குடிலுக்குள் வைத்துவிட்டு வந்தேன். அவர் அடிக்கட்டும்.

டிச. 16, சனி
வெயில். சிவப்பு கூடித்தான் இருக்கிறது. அவர் சிங்க் அடித்தும் கேட்கவில்லையா?

விஜி: "அத்தானிட்ட அடிச்சவரோ எண்டு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சு போவீங்களோ?"

எரிந்து விழுந்தேன்.

டிச. 17, ஞாயிறு
வாடியைத் திறந்தேன். பக்கற் வைத்த இடத்திலேயே, உடைக்காமல். பக்கத்தில் மெசின். எனக்காகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்!

பின்னால் சகலனின் குரல். "நீர் அடிச்சிட்டீரெண்டெல்லோ இருந்தனான்."

"நீங்கள் அடிச்சிட்டீங்களெண்டு நான், அண்ணன்."

வெட்கம். ரி.எஸ்.பியை இரண்டு பேரும் போட்டோம், சிங்கை ஒருவரும் அடிக்கவில்லை. அவர் தண்ணீர் அள்ளிக் கரைத்தார், நான் மெசினைத் தோளில் போட்டேன். மழை வருமோ என்று இருவரும் வானத்தைப் பார்த்தபடி.

டிச. 24, ஞாயிறு
பனி. புதுக் குருத்து பச்சை! எல்லா இடமும் இல்லை, வாய்க்கால் பக்கம் இன்னும் மோசம். விஜியிடம் சொல்லியனுப்ப வாயெடுத்தேன். பிறகு நானே போன் எடுத்தேன்.

"அண்ணன், வயலுக்கு வாங்கோ. பச்சை பிடிக்குது."

அவர்:

"வாறன். யூரியா ஆர் போடுறதெண்டு முதல்ல கதைப்பம்."