பியர் போத்தலில் தேநீர்

ஞாயிறு, 9 பெப்ரவரி 2014

நானும் ரவியும் சேர்ந்து காய்ச்சிய பியரை இன்று பாரிஸ் லாச்சப்பலில் அவன் அறையில் திறந்தோம். மூன்று போத்தல்களில் பியர் இல்லை, ஆறிய தேநீர்தான் இருந்தது. போன கிழமை தொட்டு போத்தல்கள் அவனிடம்தான் இருந்தன.

"குடிச்சுப்போட்டு நிரப்பினனியோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் முகம் கறுத்தது. "மூடி அடிக்கிற மெசின் உங்கட வீட்டிலையெல்லோ இருக்கு, அண்ணை."

உண்மைதான். அவனிடம் கொடுக்கும்வரை போத்தல்களும் அங்கேதான் இருந்தன. சார்செலில் எங்கள் வீட்டில் இருப்பது நானும் மனைவி வசந்தியும் மட்டுமே. தனக்குப் பியர் மணமே ஆகாது என்பாள் அவள்.

நான் வீடு திரும்பியதும், "ரவி ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டாள். ஒருநாளும் அவனை விசாரிக்காதவள்.

"இல்லை" என்றேன். அவள் முகம் தெளிந்தது.

ரவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் காரணமும் சொல்ல வேண்டும்.