வயிற்றுவலி என்று போட்ட செய்தி

பங்குனி 12, 1942

போன வாரம் திருக்கோகர்ணத்தில் நான்கு பேர் வாந்திபேதியில் இறந்தார்கள். எங்கள் பத்திரிகைக்கு அப்படியேதான் எழுதினேன். அங்கே தேர்த் திருவிழா நடத்துகிறவர்களில் ஒருவர் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"பேதின்னு போட்டா சனம் இங்கிட்டு எட்டிப் பாக்காதுங்க. சாதாரண வயித்துவலின்னு மாத்துங்க."

அச்சுக்குக் கோத்திருந்த எழுத்துகளை என் கையாலேயே எடுத்து மாற்றினேன்.

இன்று சாயங்காலம் பொன்னமராவதியிலிருந்து தேர் பார்க்கத் தங்கை பிள்ளைகளோடு வந்து இறங்கினாள்.

"பேதின்னு ஊரெல்லாம் பேச்சுண்ணே. நீங்க எழுதுனதைப் படிச்சப்புறந்தான் தைரியமாக் கெளம்புனேன்."

வரும் வழியில் திருக்கோகர்ணக் கோயில் குளத்தில் தண்ணீர் குடித்தார்களாம். சின்னவள் இரண்டு முறை வாந்தியெடுத்துவிட்டுச் சுருண்டு படுத்திருக்கிறாள். டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது.

தங்கை எனக்கு ஆறுதல் சொல்கிறாள்: "பயப்படாதீங்கண்ணே, சாதாரண வயித்துவலிதான்."