மங்கல் பூத் துணி

1980 ஆவணி, வெள்ளிக்கிழமை.

சுன்னாகத்தில் கடைகடையாக ஏறி, மகள் சாந்திக்கு வெள்ளையில் மங்கலான பூப்போட்ட சட்டைத்துணி வாங்கி வந்தேன். அவளோ பள்ளிக்கூட விஞ்ஞான மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, கறுப்பு வெள்ளைக் கோடு கீறிய மட்டையைக் கண்முன்னால் சுழற்றிக்கொண்டிருந்தாள். துணியை ஒருதரம் பார்த்துவிட்டு, "வெறும் வெள்ளைதானே அப்பா" என்றாள். என் முகம் சுருங்கிவிட்டது.

"பொறுங்கோ. கடும் கறுப்பு வெள்ளையைப் பார்த்தால் கண்ணுக்குள்ளை இருக்கிற நரம்புக் கலங்கள் தங்கடை கூர்மையைக் குறைச்சுப்போடுமாம். வெறுஞ்சுவரைப் பார்த்தால் அந்தக் கூர்மை திரும்பவும் கூடிவிடுமாம்."

சிறிது நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்துக் கத்தினாள். "ஐயோ, எவ்வளவு வடிவான பூ!"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பாத்தீங்களே, எங்கடை மாஸ்டர் சொன்னது சரி!"

துணி வாங்கியது நான், புகழ் அந்த மனிதருக்கு. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்தப் பொறாமை அழகில்லைத்தான். ஆனாலும் அடுத்தமுறை கடும் சிவப்பில் தாமரையளவு பூவாக வாங்குவேன். அதைக் காண எந்த மாஸ்டரும் தேவையில்லை.